முகத்து முடிக்கு எலக்ட்ராலிசிஸ்: ஊசி போகும் ஆழமும் தோல் ஆறும் கணக்கும்

கேள்வி: வயது 28, மாநிறம். சினைப்பை நீர்க்கட்டிப் (PCOS) பிரச்சினை உண்டு. முகவாயிலும் மேலுதட்டிலும் முடி. பல வருடம் த்ரெட்டிங், அதன் பிறகு லேசர் எட்டு சிட்டிங். தடித்த முடி குறைந்தது. ஆனால் முன்பு ஒன்றும் இல்லாத கன்னத்தோரத்தில் மெல்லிய முடி வந்துவிட்டது. எலக்ட்ராலிசிஸ் செய்தால் நிரந்தரமாகப் போகுமா? எவ்வளவு காலம் பிடிக்கும்? தழும்பும் கருமையும் விழுமா?

பதில்:

நிரந்தரமாகப் போகும். இதில் தயங்க ஒன்றுமில்லை. லேசர் மிஷின்களை "முடியை நிரந்தரமாகக் குறைப்பவை" என்று விற்கத்தான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இடம் கொடுக்கிறது. "நிரந்தரமாக நீக்குவது" என்று அது ஏற்றுக்கொண்டிருப்பது எலக்ட்ராலிசிஸை மட்டும்தான். முறையும் புதியதல்ல. உள்பக்கமாக வளைந்து கண்விழியைக் குத்தும் இமைமுடிகளுக்கு மின்ஊசி வைத்து, அவை திரும்ப முளைக்கவில்லை என்று செயின்ட் லூயிஸ் நகரத்துக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல் 1875இல் எழுதினார். இன்றைக்கும் வேலை அதேதான்: ஒரு மயிர்க்கால், ஒரு ஊசி, ஒரு அளவு மின்சாரம்.

உங்கள் கடைசிக் கேள்விதான் முக்கியமானது. முடியைச் சாகடிக்க எந்த மிஷினாலும் முடியும். பக்கத்துத் தோலைச் சுடாமல் அதைச் செய்வதில்தான் கைத்திறன் இருக்கிறது. மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் தோல் கொஞ்சம் புண்பட்டாலும் கருமையாகக் காட்டிவிடும் என்பதால், நம் நிறத்தவர்களுக்கு இந்த இரண்டாவது பாதி இன்னும் பெரியது.

முதலில் அந்தக் கன்னத்து முடி. லேசர் மயிர்க்காலில் இருக்கும் கறுப்பு நிறமியைத் தேடிப் போய்ச் சூடாக்குகிறது. முடி தடிமனாகவும் கறுப்பாகவும் இருந்தால் வேர் எரியும். பூனைமுடியில் நிறமி குறைவு; வேர் சாகும் அளவுக்குச் சூடு ஏறாது, ஆனால் தூண்டிவிடும் அளவுக்கு ஏறலாம். கன்னம், தாடையோரம், கழுத்து ஆகிய இடங்களில், கறுத்த தோலும் ஹார்மோன் பிரச்சினையும் உள்ள பெண்களுக்கு இப்படி வருவது தோல் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். உங்கள் தவறு இதில் ஏதுமில்லை. ஆனால் அந்த இடத்தில் இன்னொரு முறை லேசர் வைக்காதீர்கள், "பவரைக் கூட்டிப் பார்ப்போம்" என்று யார் சொன்னாலும் சரி. எலக்ட்ராலிசிஸ் நிறத்தைப் பார்ப்பதில்லை. கறுப்பு, செம்பட்டை, நரை எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

ஹார்மோன் கணக்கைத் தள்ளிவைத்துவிட்டு ஊசிக்குப் போக வேண்டாம். ஊசி இன்றைக்கு இருக்கும் முடியின் வேரை அழிக்கும். இன்று பூனைமுடியாக இருப்பது நாளைக்கு ஆண் ஹார்மோனின் தூண்டுதலால் தடித்த முடியாக மாறினால், அது புதுக் கணக்கு. பழையது திரும்ப முளைத்ததல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் ஒரு வருடம் செய்துவிட்டு "பலனே இல்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். மகப்பேறு மருத்துவரையோ நாளமில்லாச் சுரப்பி மருத்துவரையோ பார்த்து டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். கருத்தடை மாத்திரையோ, ஆண் ஹார்மோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோனோ எழுதிக் கொடுத்தால், முடியில் அதன் பலன் தெரிய 6 மாதமாவது ஆகும். ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது; இதை மருத்துவரிடம் தெளிவாகப் பேசிவிடுங்கள். சில மாதங்களுக்குள் முடி வேகமாக ஏறுவது, குரல் கனப்பது, நெற்றியோரம் தலைமுடி உதிர்வது இவை சேர்ந்து வந்தால் அழகு நிலையத்துக்கல்ல, மருத்துவரிடம் உடனே போக வேண்டும்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: முகம் வெளுக்க என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய கிரீம் ஏதாவது பூசுகிறீர்களா? பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபிட்டசால் என்று டியூபில் எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. அது தோலை மெலிய வைக்கும், புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும், முகத்தில் முடியையும் வளர்க்கும். அப்படிப்பட்ட தோலில் ஊசி வைத்தால் பொருக்கும் கருமையும் அதிகமாகவே வரும். திடீரென்று நிறுத்தினாலும் முகம் எரிந்து சிவக்கும் என்பதால், தோல் மருத்துவர் சொல்படி படிப்படியாக நிறுத்தி, தோல் தேறிய பிறகு ஆரம்பியுங்கள்.

இனி முறைகள். மூன்று உண்டு.

கால்வானிக் என்பது நேர்மின்சாரம். ஊசி எதிர்முனை, நேர்முனைக் கம்பியை நீங்கள் கையில் பிடித்துக்கொள்வீர்கள். மயிர்க்காலுக்குள் இருக்கும் உப்புத் தண்ணீரை மின்சாரம் பிரித்து அங்கேயே சோடியம் ஹைட்ராக்சைடை, அதாவது காஸ்டிக் சோடாவை, உண்டாக்குகிறது. வேரைக் கரைப்பது அந்தக் காரம்தான், சூடு அல்ல. இதற்கு அளவுகோல் உண்டு: 0.1 மில்லி ஆம்பியர் மின்சாரம் 1 வினாடி பாய்ந்தால் 1 யூனிட் காரம். பூனைமுடிக்கு 15 யூனிட் அளவிலும், முகவாயின் தடித்த முடிக்கு 60 வரையிலும், ஆழமாக வேரூன்றிய தாடி முடிக்கு 80 வரையிலும் வைப்பது வழக்கம். 0.5 மில்லி ஆம்பியரில் 60 யூனிட் வர 12 வினாடி, 0.3இல் வைத்தால் 20 வினாடி. மிக மெதுவான முறை, ஆனால் த்ரெட்டிங்கும் பிளக்கிங்கும் பல வருடம் செய்து வளைந்துபோன மயிர்க்கால்களுக்கு நல்லது. காரம் திரவம் என்பதால் ஊசி எட்டாத வளைவுக்குள்ளும் ஊறிப்போகும்.

தெர்மாலிசிஸ் என்பது ரேடியோ அலை. பெரும்பாலான மிஷின்கள் 13.56 அல்லது 27.12 மெகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. ஊசி தானாகச் சூடாவதில்லை. அதைச் சுற்றியிருக்கும் ஈரத்தில் உள்ள தண்ணீர் மூலக்கூறுகள் அதிர்ந்து சூடாகி வேரை அவித்துவிடும். ஒரு முடிக்கு ஒரு வினாடியிலும் குறைந்த நேரம் போதும், அதனால் மேலுதட்டுக்கும் நேரான முடிக்கும் வசதி. கை சற்றுப் பிசகினால் தோலைச் சுடுவதும் இதுதான்.

பிளெண்ட் இரண்டும் சேர்ந்தது. சூடான காரம் வேகமாகக் கரைக்கும் என்பதே இதன் அடிப்படை. அமெரிக்காவில் ஆர்தர் ஹிங்கலும் ஹென்றி செயின்ட் பியரும் இதை உருவாக்கி 1948இல் காப்புரிமை பெற்றார்கள். ஒரு முடிக்கு 5 முதல் 15 வினாடி வரை ஆகும். உங்கள் முகவாய்க்கு இதையே முதலில் கேட்பேன். மேலுதட்டுக்கும் கன்னத்துப் பூனைமுடிக்கும் குறைந்த அளவு தெர்மாலிசிஸ். ஆனால் முறையைவிடச் செய்பவரின் கை முக்கியம். பிளெண்டைச் சுமாராகச் செய்பவரைவிட தெர்மாலிசிஸைச் சுத்தமாகச் செய்பவர் மேல்.

ஒரே ஒரு முடியை எடுத்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தால், பிறகு படுக்கையில் படுத்திருக்கும்போது சரியா தப்பா என்று உங்களுக்கே தெரியும்.

தோலைத் துடைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் வைத்து, இடது கையின் இரண்டு விரலால் தோலை மெல்ல இழுத்துப் பிடிப்பார்கள். முடி எந்தச் சாய்வில் வெளியே வருகிறதோ அதே சாய்வில், முடிக்கு அடியில் ஊசி நுழைய வேண்டும். முகவாயில் ஊசி நிமிர்ந்து நிற்பதில்லை, கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டுதான் போகும். மயிர்க்கால் ஏற்கெனவே இருக்கும் குழி. அதில் ஊசி தானாக வழுக்கிக்கொண்டு இறங்கும். தோல் உள்வாங்கிக் குழி விழுந்தால், அல்லது சுருக்கென்று குத்தினால், ஊசி மயிர்க்காலின் சுவரைத் துளைக்கிறது என்று அர்த்தம். உடனே சொல்லிவிடுங்கள். ஊசி இறங்குவது தெரியவே கூடாது. மின்சாரம் வரும்போதுதான் தெரிய வேண்டும்.

ஆழம் இடத்துக்கு இடம் மாறும். மேலுதட்டில் 1 முதல் 2.5 மில்லிமீட்டர், முகவாயில் 2 முதல் 4. அழிய வேண்டியது அடியில் இருக்கும் முடிக்கிழங்கு மட்டுமல்ல. நடுவில், முடியைச் சிலிர்க்க வைக்கும் குட்டித் தசை ஒட்டியிருக்கும் இடத்திலும் முடியை மறுபடி உருவாக்கும் செல்கள் இருக்கின்றன. இரண்டும் போனால்தான் முடி போனது. ஊசி அடிவரை போனதும் மிதிகட்டையை அழுத்துவார்கள். மின்சாரம் நின்ற பிறகே ஊசியை வெளியே எடுக்க வேண்டும். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே உருவினால் தோலின் மேல்பரப்பு சுடும். மயிர்க்காலின் வாய்ப்பகுதியில் புள்ளிப் பொருக்கு வர முதல் காரணம் இதுதான்.

பிறகு சாமணத்தால் முடியைத் தூக்குவார்கள். இழுக்கக் கூடாது. வேர் விடுபட்டிருந்தால் எந்தப் பிடிப்பும் இல்லாமல் வந்துவிடும், வேரைச் சுற்றி ஜவ்வரிசிபோலத் தெளிந்த வெள்ளை உறையும் கூடவே வரும். "பட்" என்று பிடுங்கிய உணர்வு உங்களுக்கு வந்தால் அந்த முடிக்குக் காசு கொடுத்துப் பிளக்கிங் செய்துகொண்டீர்கள். ஒன்றிரண்டு அப்படி வருவது சகஜம். பத்துக்கு ஐந்து அப்படி வந்தால் அளவோ ஆழமோ தப்பு; அதை அந்த இடத்திலேயே கேளுங்கள்.

ஊசியின் பருமனும் பேச வேண்டியது. 2 எண் ஊசி அங்குலத்தில் 1000இல் 2 பங்கு, அதாவது 0.05 மில்லிமீட்டர், 4 எண் 0.1 மில்லிமீட்டர். முடியின் தடிமனும் ஊசியின் தடிமனும் ஒத்துப்போக வேண்டும். மேலுதட்டுக்கு 2 அல்லது 3, முகவாயின் தடித்த முடிக்கு 3 அல்லது 4. எல்லா இடத்துக்கும் மெல்லிய ஊசியே போதும் என்று நினைப்பது தவறு. மெல்லிய ஊசியின் முனையில் மின்சாரம் நெருக்கமாகக் குவியும். வலியும் கூடும், சுவரைத் துளைப்பதும் சுலபம்.

சிட்டிங் நடக்கும்போதே தோல் பேசும். ஊசி நுழைந்த இடத்தைச் சுற்றிச் சட்டென்று வெள்ளை வளையம் விழுந்தால் சூடு மேலே ஏறிவிட்டது, ஊசி ஆழம் போதவில்லை. ரத்தப் புள்ளி வந்தால் சுவர் துளைபட்டது. கால்வானிக்கில் மயிர்க்காலின் வாயருகே வெள்ளை நுரை வருவது ஹைட்ரஜன். வேலை நடக்கிறது என்று அர்த்தம். நுரை வந்த பிறகும் நீட்டிக்கொண்டே போனால் காரம் மேலே வழிந்து தோலைப் பிடிக்கும். அபூர்வமாக நடக்கும் ஒரு பிழை, ஆனால் திருத்த முடியாதது: கால்வானிக் கம்பிகளை மாற்றிப் பொருத்தி ஊசியை நேர்முனையாக்குவது. அப்போது காரத்துக்குப் பதில் அமிலம் உண்டாகி, ஊசியின் உலோகம் கரைந்து தோலுக்குள் இறங்கி, பச்சை குத்தியதுபோலக் கரும்புள்ளி நின்றுவிடும்.

இவற்றைவிட அதிகம் நடக்கும் தவறு பேராசை. ஒரே சிட்டிங்கில் மேலுதடு முழுக்கச் சுத்தம் செய்துவிட வேண்டும் என்று பக்கத்துப் பக்கத்து மயிர்க்கால்களில் அடுத்தடுத்து ஊசி வைத்தால் சூடு ஒன்றோடொன்று கலந்து அந்தத் துண்டுத் தோலே வெந்துவிடும். நல்ல கைக்காரர் ஒன்றைத் தொட்டால் அதன் பக்கத்து முடியைத் தாண்டி வேறிடத்துக்குப் போவார், அடர்த்தியைத்தான் குறைப்பார். "பாதி அப்படியே இருக்கிறதே" என்று நீங்கள் வற்புறுத்தக் கூடாது. அதே இடத்துக்குத் திரும்ப வர 2 முதல் 3 வாரம் விட வேண்டும். மேலுதட்டில் பொட்டுப் பொட்டாகக் குழி விழுந்த முகங்களில் பெரும்பாலும் காரணம் இந்த அவசரமே.

காலத்துக்கு வருவோம். எந்த நேரத்திலும் முகத்து முடி முழுவதும் வெளியே தெரிவதில்லை; ஒரு பகுதி வளரும், ஒரு பகுதி உதிர்ந்து ஓய்வில் இருக்கும். மேலுதட்டு முடி ஏறக்குறைய 4 மாதம் வளர்ந்து ஒன்றரை மாதம் ஓய்வெடுக்கும். முகவாயில் வளர்ச்சி ஒரு வருடம் வரை, ஓய்வு இரண்டரை மாதம். ஓய்வில் இருப்பதை ஊசியால் தொட முடியாது, வெளியே வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். ஆகவே முழுமைக்கு ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹார்மோன் கட்டுப்பாட்டில் இல்லையென்றால் இன்னும் நீளும். முதல் மூன்று மாதம் வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருமுறை, இடத்தை மாற்றி மாற்றி, அரை மணி நேரம். அப்புறம் மாதம் ஒருமுறை கால் மணி நேரம். கடைசியில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஐந்து பத்து முடி. சிட்டிங் நேரம் சுருங்கிக்கொண்டே வருவதுதான் பலன் கிடைக்கிறது என்பதற்கு அத்தாட்சி. ஆறு மாதத்துக்குப் பிறகும் ஒவ்வொரு முறையும் அதே அரை மணி நேரம் ஆகிறது என்றால், முடி சாகவில்லை, பிடுங்கப்படுகிறது. திருநங்கையரின் தாடிக்குக் கணக்கே வேறு. நூற்றுக்கணக்கான மணி நேரம் போகும் என்பதால், கறுத்த முடியை முதலில் லேசரில் குறைத்து, எஞ்சியதையும் நரைத்ததையும் எலக்ட்ராலிசிஸில் முடிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

இந்தக் காலம் முழுக்க த்ரெட்டிங், வேக்ஸ், பிளக்கிங் மூன்றையும் நிறுத்திவிட வேண்டும். வேரோடு பிடுங்கிய முடிக்கு ஊசி வழி தெரியாது, மயிர்க்காலும் வளைந்துபோகும். வெளியே போக வேண்டுமே என்றால் சிறு கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டுங்கள், அல்லது சவரம் செய்யுங்கள். சவரம் செய்தால் முடி தடிக்கும் என்பது உண்மையல்ல. கூரான முனை வெட்டுப்பட்டு மொட்டையாவதால் சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். சிட்டிங்குக்கு 3 முதல் 5 நாள் முன்பு சவரம் செய்வதில் ஒரு லாபமும் உண்டு: அதற்குப் பிறகு தலைநீட்டுவதெல்லாம் வளரும் பருவத்து முடி, ஊசிக்கு நன்றாக மடியும். சாமணம் பிடிக்கும் அளவுக்காவது முடி வெளியே வந்திருக்க வேண்டும்.

வலி இருக்கும். மேலுதடு, மூக்குக்குக் கீழே உள்ள நடுப்பள்ளம் இரண்டிலும் அதிகம், முகவாயில் தாங்கலாம். லிக்னோகைன் 2.5, பிரைலோகைன் 2.5 சதவீதம் சேர்ந்த மரப்புக் கிரீமை ஒரு மணி நேரம் முன்பு கனமாகப் பூசி மேலே பிளாஸ்டிக் உறையால் மூடினால்தான் வேலை செய்யும். பத்து நிமிடம் தடவித் துடைத்தால் பயனில்லை. மருத்துவரிடம் கேட்டு, சிறிய இடத்துக்கு மட்டும் பூசுங்கள். முகம் கழுத்து எல்லாம் அப்பினால் மருந்து ரத்தத்தில் ஏறி ஆபத்தாகலாம். மாதவிடாய் நெருங்கும் நாட்களில் பலருக்கு வலி கூடுதலாகத் தெரியும், தேதியைத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். முந்தின இரண்டு நாள் தண்ணீர் நன்றாகக் குடித்து, முகத்துக்கு ஈரப்பதக் கிரீம் பூசியிருங்கள். காரம் உண்டாவதற்கும் சூடு பரவுவதற்கும் மயிர்க்காலுக்குள் ஈரம் வேண்டும். ஈரம் கீழேயும் உலர்வு மேலேயும் இருப்பதால்தான் வேலை அடியில் நடந்து மேல்தோல் தப்பிக்கிறது.

இனி ஆறும் கணக்கு. முடிந்த உடனே சிவப்பும், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் கொசுக்கடிபோலத் தடிப்பும் இருக்கும். மேலுதடு சற்று உப்பும். சில மணி நேரத்தில் வடியும். அடுத்த நாள் வரை இருந்தாலும் பயமில்லை. ஐஸைச் சுத்தமான துணியில் சுற்றி 5 நிமிடம் வைத்து, 5 நிமிடம் விட்டு மறுபடி வையுங்கள். வெறும் ஐஸைத் தோலில் வைக்காதீர்கள். கால்வானிக் செய்திருந்தால் முடிவில் நேர்முனை உருளையை முகத்தில் உருட்டி காரத்தைத் தணிக்கச் சொல்லலாம். சிவப்பு சீக்கிரம் அடங்கும்.

முதல் 48 மணி நேரம் முகத்தைத் தொடாமல் இருப்பதே பாதி மருந்து. மருந்துக் கடையில் 0.9 சதவீத சலைன் 100 மில்லி பாட்டில் வாங்கி, சுத்தமான பஞ்சில் நனைத்துக் காலையும் மாலையும் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். மேக்கப், ஜிம், நீச்சல், ஆவி பிடித்தல், வெயில் எல்லாம் இரண்டு நாள் கழித்து. கஸ்தூரி மஞ்சள், குப்பைமேனிப் பற்று, எலுமிச்சை, கடலைமாவுத் தேய்ப்பு எதுவும் வேண்டாம். திறந்திருக்கும் நூற்றுக்கணக்கான குழிகளில் உராய்வும் கிருமியும் ஏறுவதற்கு அவை வழி. கற்றாழை நல்லதுதான், ஆனால் தோட்டத்து மடலை வெட்டி அப்படியே பூசினால் அதில் வடியும் மஞ்சள் பால் தோலை எரிக்கும். வாசனை சேராத ஜெல்லை வாங்கிக்கொள்ளுங்கள். தலையணை உறையை அன்றே மாற்றுங்கள். ஸ்கூட்டி ஓட்டுபவர்கள் ஹெல்மெட் வாரை மறந்துவிடுகிறார்கள். அது சரியாக முகவாய்க்கு அடியில் வியர்வையோடு உரசும்; சிட்டிங்கை வீடு திரும்பும் வழியில் இல்லாமல் லீவு நாளுக்கு முன்மாலை வைத்துக்கொள்வது அதற்காகத்தான். கத்திரி வெயில் நாட்களில் புதிதாக ஆரம்பிக்காமல் இருந்தால் நல்லது.

இரண்டாம் நாளிலிருந்து ஊசிமுனை அளவுக்கு மஞ்சளோ பழுப்போ ஆன பொருக்கு சில இடங்களில் தெரியலாம். தெர்மாலிசிஸில் உலர்ந்தும், கால்வானிக்கில் சற்று ஈரமாகவும் இருக்கும். மேலுதட்டில் 3 முதல் 5 நாளிலும், முகவாயில் 7 முதல் 10 நாளிலும் தானாக உதிரும். இந்தப் பொருக்குக்கு அடியில்தான் புதுத் தோல் ஊர்ந்து வந்து மூடுகிறது. நகத்தால் கிள்ளினால் அந்தத் தோலையும் சேர்த்துப் பிய்க்கிறீர்கள். குழித் தழும்பும் நீண்ட கருமையும் ஊசியால் வந்ததைவிட நகத்தால் வந்தது கணிசம். கை சும்மா இராது என்றால் இரவில் வாசலினை மெல்லிய பூச்சாகத் தடவி வையுங்கள். பொருக்கு மிருதுவாகி அரிப்பு அடங்கும். பொருக்கே வரக் கூடாது என்பதில்லை. ஆனால் அரிசி அளவுக்கு, ஒன்றோடொன்று சேர்ந்த பொருக்கு வந்தால் அளவு அதிகம். அடுத்த முறை குறைக்கச் சொல்ல வேண்டும்.

சிறு வெள்ளைக் கொப்புளம் ஒன்றிரண்டு வந்தால் பிதுக்காமல் வெதுவெதுப்பான சலைன் ஒத்தடம் கொடுங்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி குறையாமல் ஏறினாலோ, மஞ்சள் சீழ் வைத்தாலோ, சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் அடித்தாலோ அது தொற்று, மருத்துவரிடம் காட்டுங்கள். உதட்டில் அடிக்கடி அக்கி வருபவர்கள் மேலுதட்டுச் சிட்டிங்குக்கு முன்பே அதற்கான மாத்திரை பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும், இந்த எரிச்சல் அதைக் கிளப்பிவிடும்.

கருமை பொருக்கு உதிர்ந்த பிறகுதான் தெரியும், இரண்டு முதல் நான்கு வாரத்தில். நல்ல கை செய்தாலும் கொஞ்சம் வரலாம். புண்பட்ட தோலில் நிறமிச் செல்கள் தூண்டப்பட்டு அதிகமாகச் சுரக்கின்றன. நிறமி மேல்தோலில் தங்கினால் பழுப்பாகத் தெரியும், சில மாதத்தில் மங்கும். கீழ்த்தோலுக்கு இறங்கிவிட்டால் சாம்பல் கலந்த நீலமாகத் தெரியும், ஒரு வருடத்துக்கு மேலும் இழுக்கும். அதைத் தழும்பு என்று நினைத்துக் கலங்குகிறார்கள். சோதிக்க ஒரு வழி: கண்ணாடி முன்னால் நின்று, டார்ச்சைப் பக்கவாட்டில் வைத்து அடியுங்கள். நிழல் விழுந்தால் குழி. நிழல் இல்லாமல் நிறம் மட்டும் என்றால் அது போகும் கருமை.

போவதற்கு வெயிலைத் தடுக்க வேண்டும். 48 மணி நேரம் குடையும் துப்பட்டாவும். பிறகு எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத துத்தநாக ஆக்சைடு சன்ஸ்கிரீன். இரும்பு ஆக்சைடு சேர்ந்து தோல் நிறத்தில் வரும் வகை நமக்கு இன்னும் பொருத்தம். மாநிறத்தைக் கறுக்க வைப்பதில் புறஊதாக் கதிரோடு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு, அதை இரும்பு ஆக்சைடு தடுக்கிறது. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கினால்தான் பெட்டியில் எழுதிய பலன். கருமை தங்கினால் அசெலாயிக் அமிலம் 15 அல்லது 20 சதவீதக் கிரீமைப் பற்றித் தோல் மருத்துவரிடம் கேளுங்கள். மறுபடியும் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும், மூன்று மருந்து கலந்த வெளுப்புக் கிரீமுக்குப் போய்விடாதீர்கள், அந்த மூன்றில் ஒன்று ஸ்டீராய்டு. ரெட்டினால், ட்ரெட்டினோயின், கிளைகாலிக் அமிலம் பூசுபவர்கள் சிட்டிங்குக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்தி, பொருக்கு முழுவதும் உதிர்ந்த பிறகே தொடர வேண்டும்.

இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு இது கூடாது. கர்ப்ப காலத்தில் கால்வானிக்கும் பிளெண்டும் தவிர்க்கப்படுகின்றன. காயம் பட்டால் தடித்த தழும்பாக ஏறும் உடம்புவாகு, கட்டுப்படாத சர்க்கரை, பருவுக்குச் சாப்பிடும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை, பழுத்த முகப்பரு இருந்தால் மருத்துவர் சொன்ன பிறகே. மச்சத்தின் மேல் வளர்ந்த முடியை, மச்சத்தைத் தோல் மருத்துவர் பார்த்துச் சரி என்ற பின்பு எடுக்கலாம். வீட்டில் செய்யலாம் என்று விற்கும் சாமண வகை மிஷின்களில் காசைப் போடாதீர்கள். முடியின் தண்டு வழியாக மின்சாரம் வேருக்குப் போகாது.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் ஊசி. உங்கள் கண் முன்னால் ஒட்டிய உறையைப் பிரித்து எடுக்க வேண்டும், முடிந்ததும் ஊசிகளுக்கான டப்பாவில் போட வேண்டும். உங்கள் பெயர் எழுதி வைத்து அடுத்த முறையும் அதையே பயன்படுத்துகிறோம் என்பதும் ஏற்கத்தக்கதல்ல. சாமணம் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 15 நிமிடமாவது இருந்திருக்க வேண்டும். ஸ்பிரிட்டில் முக்கி எடுப்பது மஞ்சள் காமாலைக் கிருமிக்குப் போதாது. கையுறை, உருப்பெருக்கி இரண்டும் இல்லாத இடத்தில் உட்கார வேண்டாம். கட்டணத்தை முடிக்கு இவ்வளவு என்று பேசாமல் நிமிடத்துக்கு இவ்வளவு என்று பேசுங்கள். எண்ணிக்கையைக் கூட்டும் அவசரம் குறையும்.

இவ்வளவும் சரியாகப் பட்டாலும் நேரே மேலுதட்டில் ஆரம்பிக்க வேண்டாம். தாடைக்கு அடியில், பார்வைக்குப் படாத இடத்தில் 10 முதல் 15 முடிக்கு மட்டும் செய்யச் சொல்லுங்கள். எந்த முறை, எந்த எண் ஊசி, எத்தனை வினாடி என்பதைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். அதே ஜன்னல், அதே நேரம், அதே தூரத்தில் நின்று அன்றைக்கும், 10ஆம் நாளும், 30ஆம் நாளும் படம் எடுங்கள். 10ஆம் நாள் பொருக்கு போயிருக்க வேண்டும். 30ஆம் நாள் தெரியும் கருமைதான் உங்கள் தோலின் குணம். அது லேசாக இருந்தால் அதே அளவில் முகவாய்க்குப் போகலாம். கனமாக இருந்தால் அளவைக் குறைத்து, இன்னொரு 10 முடியில் மறுபடி பாருங்கள். இந்தச் சோதனை நாட்களில் கத்தரிக்கோல் மட்டும் போதும்.